பின்பக்கம் இரண்டு கயிறு

என் முதுகையும் அதற்குக் கீழே இருக்கும் பகுதிகளையும் அரசாங்கத்தின் தரச்சான்று ஆய்வுக்குழு ஒன்று நேரில் பார்வையிட்டிருக்கிறது. இதையெல்லாம் எழுதக் கூச்சமாக இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். என்னிடம் இருந்த கூச்சம் மொத்தமும் அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் நடுவில் செலவாகிவிட்டது. மிச்சம் இல்லாததால் தைரியமாக எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கடப்பாக்கத்துக்கு முன்னால் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. (ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.) ஒப்பந்த வேலைதான். வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவ அலுவலர் கையெழுத்துப் போட்டால் நீளும். போடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எங்கள் தாத்தா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அப்பா கருங்குழியில் அரிசி மூட்டை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் அதை மாட்டிக்கொண்டு போனேன். பாஸ்டர் ஒருநாள் வாசலில் நிறுத்தி, "எபிநேசரு, இங்க உன்ன எல்லாருக்கும் தெரியும்பா. கயட்டி பையில வெச்சிக்க" என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த அட்டை எனக்குள் ஒரு சின்ன அரசாங்கத்தையே அமைத்துவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது, "நைனா, ரெண்டு மாத்திர சேத்துக் குடு, பஸ்ஸு இல்ல, மறுக்கா வர முடியாது" என்றால், "சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்" என்பேன். அதையும் எழுத்துத் தமிழில் சொல்வேன். மரியாதை கூடும் என்று ஓர் எண்ணம்.

இப்படி நான் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் நிலையத்துக்குத் தரச்சான்று ஆய்வு வரப்போவதாகக் கடிதம் வந்தது. வெளியூரிலிருந்து ஒரு குழு வரும். கேள்விப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போடும். தேறினால் சுவரில் மாட்டச் சான்றிதழ் கிடைக்கும். எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் குணசீலன் நல்ல மனிதர். நாய்க்கடிக்கோ பாம்புக்கடிக்கோ பதறமாட்டார். கடிதம் என்றால் மட்டும் அவருக்குக் கை நடுங்கும். அன்றிலிருந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வாசலில் பூந்தொட்டி வைத்தார்கள், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பலகை மாட்டினார்கள். (கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் இல்லை என்பது வேறு விஷயம். பலகைக்குத் தனி மதிப்பெண்.)

பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: உள்நோயாளிகளுக்கு நிலையமே உடை வழங்க வேண்டும். மாவட்ட அலுவலகத்திலிருந்து மாதிரிப் படம் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். வெளிர் பச்சைத் துணி. முழங்கால் வரை நீளம். முன்பக்கம் மூடியிருக்கும், பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்திருக்கும். கழுத்துக்குப் பின்னால் ஒரு கயிறு, நடு முதுகில் ஒரு கயிறு. தைக்கிற வேலையை உள்ளூர் மகளிர் குழுவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

"சார், எங்க அக்காவே குழு வெச்சித் தைக்கிறாங்க" என்று நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன்.

என் அக்கா சாராள் கருங்குழி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையற்கடை வைத்திருந்தாள். ரவிக்கை, உள்பாவாடை, நைட்டி, தாவணி செட்டு. கூட நான்கு பெண்கள். இஞ்சு டேப்பை எடுக்காமலேயே, கடை வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்த்து மார்பளவு சொல்லக்கூடியவள். என்னைப் படிக்கவைத்தது அந்த மிஷின்தான். அவளிடம் படத்தை நீட்டினேன். அவள் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள், பிறகு நேராக வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா இது? முன்னாடி பின்னாடி மாத்தி வரைஞ்சிட்டானா?"

"இல்லக்கா. அப்படித்தான். பின்பக்கம் தொறந்திருக்கணும். டாக்டர் பரிசோதனை பண்ண வசதி."

"டாக்டருக்கு வசதி. போட்டுக்கறவளுக்கு?"

"மாதிரி அப்படித்தான் இருக்குது."

"புள்ள பெத்தவளும் இதத்தான் போடணுமா?"

"எல்லாரும் போடணும்."

"முதுவுலயாடா பால் குடுப்பா?"

பக்கத்து மிஷின் பெண் சிரித்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா ஒரு காகிதத்தை எடுத்து வேகமாக வரைந்தாள். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி இரண்டு மடிப்பு, இடுப்புக்குப் பக்கவாட்டில் கயிறு, கீழே கொஞ்சம் கூடுதல் நீளம். "இப்டி வெச்சிக் குடுத்தா டாக்டரும் பாக்கலாம், இவுங்களும் எழுந்து நடக்கலாம். துணியும் அதே அளவுதான் புடிக்கும். கேட்டுப் பாரேன்" என்றாள்.

அதற்கு நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என் செவுளில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

"அக்கா, நீ தைக்கிற ஆளு. யோசிக்கிற வேலைய ஆபீஸ்ல பாத்துக்குவாங்க."

மிஷின் நின்றது. அக்கா தான் வரைந்த காகிதத்தை நான்காக மடித்து டிராயருக்குள் போட்டுவிட்டு, "செரிங்க ஆபீசர்" என்றாள். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு வீட்டில் எனக்கு "ஆபீசர்" என்றுதான் பெயர். "ஆபீசர், சோறு போடவா?" "ஆபீசர், தண்ணி மோட்டார நிறுத்துங்க."

தைத்து முடித்ததும் நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு உடையாக அளந்தேன். கயிறு மாதிரியில் சொன்னதைவிட விரற்கடை நீளம் என்று மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா கத்தரிக்கோலை எடுத்து, என் மூக்குக்கு நேராகப் பிடித்து, அந்த மூன்று கயிறுகளையும் வெட்டினாள்.

ஆய்வு நாளும் வந்தது. குழு பதினொரு மணிக்கு வரும் என்று தகவல். உடைகளுக்கு என்னையே பொறுப்பாளராகப் போட்டிருந்தார் டாக்டர். "உள்நோயாளி உடைப் பொறுப்பாளர்" என்று ஒரு தாளில் அச்சடித்து என் பெயரையும் போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் அதைக் கைபேசியில் படம் எடுத்துவைத்தேன். ஒன்பதரைக்குச் செவிலியர் தேவகி சிஸ்டர் மருந்தக ஜன்னலில் தலையை நீட்டினார்.

"எபி, ஒருத்தரும் போடமாட்டேங்கறாங்க. உன் டிரஸ்ஸு, உன் அக்கா தச்சது. நீயே வந்து சொல்லு. என்னால ஆவாது."

பெண்கள் வார்டில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் பச்சை உடையைத் தலையணைமேல் மடித்துவைத்துவிட்டு, தங்கள் தங்கள் சேலையிலும் நைட்டியிலும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலை ஒட்டிய கட்டிலில் கன்னியம்மா. ஐம்பது வயதிருக்கும், மீன் விற்கிறவர். உள்ளங்காலில் ஆணி குத்திய புண், சர்க்கரை நோயால் ஆறாமல், பத்து நாளாக எங்களிடம் இருந்தார். சந்தையில் பேசிப் பழகிய குரல். அவர் மெதுவாகப் பேசினாலே மருந்தகம் வரை கேட்கும்.

"அம்மா, எல்லாரும் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். உத்தரவு" என்றேன்.

"எனக்குக் கால்லதான நைனா புண்ணு? முதுவ எதுக்குத் தொறக்கணும்?"

"டாக்டர் பரிசோதனை பண்ண வசதியாக..."

"பத்து நாளா காலத்தான் பாத்துகினு கீறாரு. இனிமேட்டு முதுவப் பாக்கப் போறாரா?"

வார்டு குலுங்கியது. நான் அட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"இது மாதிரிப்படி தைத்த உடைம்மா. எல்லாருக்கும் பொது."

"நீ போட்டுப் பாத்துக்கீறியா?"

"நான் ஸ்டாஃப்."

"அத்தத்தான் கேக்கறேன். போட்டுப் பாத்துக்கீறியா?"

"இதுல இன்னா இருக்குது? சட்டை மாதிரிதான்." (கோபம் வந்தால் என் எழுத்துத் தமிழ் ஓடிவிடும்.)

"அப்ப போட்டுகினு வா. இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரிக்கும் நட. ஏழு பேரும் மறுபேச்சு இல்லாம போட்டுக்கறோம். இன்னாங்கடி சொல்றீங்கோ?"

"ஆமா" என்றது வார்டு.

மணி பார்த்தேன். குழு வர இன்னும் ஒன்றரை மணி நேரம். இரண்டு நிமிஷ வேலை. ஒரு பெண் எழுந்து, "பேண்ட்டு மேல மாட்டிகினு வந்து ஏமாத்தக் கூடாது" என்றாள். கன்னியம்மா, "அத்தெல்லாம் செய்ய மாட்டாரு. நாம பொடவையக் கயட்டித்தான போடணும்? அவரும் கயட்டிட்டுத்தான் போடுவாரு. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்" என்றார். சட்டம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மார்பு விம்மியது. அந்த வயதில் எனக்கு அவ்வளவு போதும்.

எதிரே கட்டுப் போடும் அறை. சட்டையை ஆணியில் மாட்டினேன், பேண்ட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். அட்டையை மட்டும் கழற்றவில்லை. பச்சை உடையை மாட்டி, கழுத்துக் கயிற்றைக் கட்டினேன். நடு முதுகுக் கயிற்றைக் கட்டக் கை எட்டவில்லை. எட்டியபோது கயிறு போதவில்லை. (மூன்றில் ஒன்று என் பங்குக்கு வந்திருக்க வேண்டும்.) எப்படியோ ஒரு முடிச்சு விழுந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. அங்கே அரசாங்கம் கை விரித்துவிட்டது. நீலக் கோடு போட்ட என் உள்ளாடைதான் அந்தப் பகுதிக்கு ஒரே பொறுப்பாளர். அதுவும் பழையது, எலாஸ்டிக் தளர்ந்தது.

வார்டுக்குள் நுழைந்து சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். எங்கள் கட்டடம் கடலைப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஜன்னல். காற்று தாராளம்.

"திரும்பு" என்றார் கன்னியம்மா.

"அத்தெல்லாம் தேவையில்ல."

"ஏன் தேவையில்ல? நாங்க திரும்ப மாட்டமா? பாத்ரூமு போவ மாட்டமா? எங்க வூட்டுக்காரன், மாமனாரு, அண்ணன் தம்பி எல்லாம் பாக்க வந்துகினு கீறாங்களே, அவுங்க முன்னாடி எழுந்து நடக்க மாட்டமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஏழு முகங்களும் என்னையே பார்த்தன. எனக்கு அந்தச் சுவரை விட்டு விலக மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தபோதுதான் வெளியே வண்டிக் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நான்கு கதவுகள்.

குழு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது.

வெளியே தாவினேன். கட்டுப் போடும் அறைக்குப் போக வேண்டுமானால் நடைபாதையின் குறுக்கே போக வேண்டும். நடைபாதையின் கோடியில் டாக்டரின் குரல் "வாங்க மேடம், வாங்க மேடம்" என்று வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கதவு ஆண்கள் வார்டு. உள்ளே ஒருவர் சலைன் ஏற்றிக்கொண்டு தூங்கினார், மற்ற கட்டில்கள் காலி. ஒரு கட்டிலில் பாய்ந்து மல்லாந்து படுத்து, போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டேன். அந்த உடையில் மானத்தோடு இருக்கக்கூடிய ஒரே நிலை மல்லாந்து படுப்பதுதான்.

குழுத்தலைவி கோயம்புத்தூர்ப் பக்கத்து மருத்துவர். கண்ணாடி, பருத்திச் சேலை, கையில் அட்டை வைத்த கேள்வித்தாள். பெண்கள் வார்டை முதலில் எட்டிப் பார்த்தார். "ஒருத்தரும் நம்ம உடையில இல்லீங்களே?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. டாக்டர் தடுமாறுவதும் கேட்டது. பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்கள். டாக்டர் வாசலிலிருந்தே பச்சை உடையைக் கண்டுவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இதோ, மேடம்! இவருக்குக் குடுத்திருக்கோம், பாருங்க!" என்றபடி வேகமாக வந்து, என் முகத்தைப் பார்த்தார்.

அந்த நிம்மதி எங்கே போனது என்று தெரியவில்லை.

குழுத்தலைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு என் அருகில் உட்கார்ந்தார். "பயப்படாதீங்க. சும்மா ஒரு நாலு கேள்விதான். உங்க பேருங்க?"

"எபிநேசர்."

"உடம்புக்கு என்னங்க?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"இங்க நல்லாப் பாத்துக்கிட்டதால சரியாப் போச்சுங்களா?" என்று எழுதிக்கொண்டார். டாக்டர் அவருக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். என்னை நோக்கி அவர் கும்பிட்டது அது ஒருமுறைதான்.

"மருந்து தட்டுப்பாடு இல்லாமக் கெடைக்குதுங்களா?"

"கெடைக்குது மேடம். இருப்புப் பதிவேடு சரியா இருக்கும்."

"பதிவேடெல்லாம் பாத்தீங்களா?" என்று வியந்தார். "சரி, மருந்து குடுக்கிறவர் எப்படி நடந்துக்கறாருங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பற்றி என்னிடமே கேட்கிறார். அடுத்த அறையில் ஏழு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு மாத்திரை கொடுக்காதவன், சொந்த அக்காவின் கயிற்றை ஸ்கேல் வைத்து அளந்தவன்.

"கொஞ்சம் திமிரு புடிச்சவன் மேடம்."

"கொஞ்சம் இல்ல!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

குழுத்தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். "கடைசியா ஒண்ணுங்க. உங்க அந்தரங்கத்துக்கும் மரியாதைக்கும் ஒரு கொறையும் இல்லாமப் பாத்துக்கறாங்களா?"

டாக்டர் கும்பிடுவதை நிறுத்திவிட்டு, வலது கையை உயர்த்தி, காற்றில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்தது. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. "ஆமாம்" என்று ஒரு வார்த்தை. சான்றிதழும் வரும், கையெழுத்தும் வரும், அட்டையும் கழுத்தில் கிடக்கும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது கதவருகே கன்னியம்மா ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

"இல்ல மேடம்" என்றேன்.

டாக்டரின் கை காற்றில் பாதிக் கையெழுத்தில் நின்றது.

"பொம்பளைங்க கக்கூஸுக்குத் தாப்பா கெடையாது மேடம். ஒருத்தர் உள்ள போனா ஒருத்தர் வெளிய காவல் நிக்கணும். கட்டுப் போடற ரூமுக்கு ஸ்கிரீன் கெடையாது. அப்பறம் இந்த டிரஸ்ஸு."

"உடை மாதிரிப்படிதானுங்களே இருக்குது?" என்று துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"மாதிரிப்படிதான் இருக்குது மேடம். அதுதான் கோளாறு. எழுந்து காட்டவா?"

அவர் பதில் சொல்வதற்குள் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஜன்னல் வரைக்கும் நடந்தேன். கடற்காற்று தன் கடமையைச் செய்தது. திரும்பி வந்தேன். குழுவில் நான்கு பேர், டாக்டர், தேவகி சிஸ்டர், கதவருகே பெண்கள். சலைன்காரரும் சரியாக அந்த நேரத்தில்தான் கண் விழித்தார். வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, என் கல்யாணத்திலும் இல்லை. எலாஸ்டிக் கைவிட்டுவிடுமோ என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் உடைக்குள்ளிருந்து அட்டையை வெளியே எடுத்தேன்.

"நான் நோயாளி இல்ல மேடம். அந்தத் திமிரு புடிச்ச மருந்தாளுநர் நான்தான். இத அளந்து வாங்கினதும் நான்தான். தச்சவங்க அப்பவே சொன்னாங்க. நான் கேக்கல."

கன்னியம்மா, "அப்டிப் போடு நைனா!" என்று கையைத் தட்டினார். குழுத்தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தம்பி, மொதல்ல பேண்ட்டப் போட்டுட்டு வாங்க. அப்பறம் பேசிக்கலாமுங்க."

பேண்ட்டு இல்லை. ஆய்வை முன்னிட்டு அறையைச் சுத்தம் செய்த துப்புரவுப் பணியாளர், நாற்காலியில் கிடந்தது அழுக்குத் துணி என்று நினைத்து பிளீச்சிங் தண்ணீரில் முக்கிவைத்திருந்தார். வாளியிலிருந்து எடுத்தபோது கறுப்புப் பேண்ட்டில் இந்திய வரைபடமும் இலங்கையும் தெளிவாகத் தெரிந்தன. கன்னியம்மா தன் பையிலிருந்து வீட்டுக்காரருடைய கைலி ஒன்றை எடுத்து வீசினார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, கீழே மீன் வாசனையோடு கட்டம் போட்ட கைலி. அப்படித்தான் நான் மருந்துப் பதிவேடுகளைக் குழுவிடம் காட்டினேன். அறிக்கையில் அந்தக் கோலத்தில் என் புகைப்படம் இருக்கிறது.

அந்தக் கைலியோடுதான் பஸ் பிடித்துக் கருங்குழியில் இறங்கினேன். அக்கா மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஆபீசரு பேண்ட்டு எங்க?"

நடந்ததைச் சொன்னேன். கடையிலிருந்த ஐந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் ஜன்னல் வரை நடந்த இடம் வந்ததும் அக்கா சிரித்த சிரிப்பில் ஊசிப்பெட்டி கவிழ்ந்தது. எல்லாரும் தரையில் உட்கார்ந்து ஊசி பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டே, "அக்கா, அன்னிக்கி அப்டிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல், "இத்தச் சொல்றதுக்கு வார்டு முழுக்க அம்மணமா நடக்கணுமாடா உனக்கு?" என்றாள்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. எனக்கு மெமோ கிடைத்தது. "பணி நேரத்தில் உரிய உடை அணியாமல் இருந்தது குறித்து விளக்கம் அளிக்கவும்." நான் எழுதிய பதிலின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது: "ஐயா, நான் உரிய உடையே அணிந்திருந்தேன். அது தங்கள் அலுவலகம் அனுப்பிய மாதிரிப்படி தைக்கப்பட்டது. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தவன் நானே. அவ்வுடை மரியாதைக் குறைவானது எனத் தாங்கள் கருதினால், அதை நோயாளிகளுக்கு வழங்குவது குறித்தும் விளக்கம் அளிக்கப்பட வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பணிவுடன் என்ற சொல்லை டாக்டர் சேர்க்கச் சொன்னார். அதற்கு அப்புறம் மெமோ வரவில்லை.

ஒப்பந்தமும் வரவில்லை. இரண்டு மாதம் அக்கா கடையில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்தேன். விரலில் குத்தாத இடமில்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், "இவருதானா அது?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் வியாபாரம் கொஞ்சம் கூடியது என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

இரண்டாவது மாதம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் புது மாதிரியோடு கடைக்கே வந்தார். அதே பச்சை, கயிறு மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. அக்கா படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தைக்கறேன் சார். ஒரே ஒரு கண்டிஷன். மொதல் டிரஸ்ஸு உங்க அளவுக்குத்தான் தைப்பேன். நீங்க போட்டுகினு அந்த பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போய்ட்டு வரணும். வந்துட்டீங்கன்னா மிச்சத்த ராவோட ராவா தச்சித் தரேன்."

அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். கூட்டமான நேரம். என்னையும் பார்த்தார். நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரிம்மா, நீங்க எப்படித் தைக்கலாம்னு சொல்றீங்க?" என்றார்.

இப்போது அந்தப் பக்கத்து நிலையங்களில் முன்பக்கம் மூடுகிற உடையும் அதோடு ஒரு பாவாடையும் கொடுக்கிறார்கள். என் ஒப்பந்தத்திலும் டாக்டர் கடைசியில் கையெழுத்துப் போட்டார். போடும்போது கை நடுங்கியது. அடுத்த ஆய்வில் சான்றிதழும் வந்தது. அது வந்து ஆறு மாதம் கழித்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்தது.

பிறகு எனக்குப் பெண் பார்த்தார்கள். கூடுவாஞ்சேரிக் குடும்பம், பெண் பள்ளிக்கூட ஆசிரியை. பெண்ணின் அப்பா பையனைப் பற்றி விசாரிக்க வேறு எங்கும் போகாமல் நேராக நான் வேலை செய்யும் இடத்துக்கே போய், தேவகி சிஸ்டரிடம், "பையன் எப்டிமா?" என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், "எதையும் மறைக்காத பையன் சார்" என்றிருக்கிறார். அவருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சொந்தக்காரர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, "எங்க மாப்ள எதையும் மறைக்காதவரு, அத்தப் பாத்துத்தான் பொண்ணக் குடுத்தேன்" என்றார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் சுகாதார நிலையம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. அக்கா மேடையிலேயே முகத்தை மூடிக்கொண்டாள். தன் பேச்சு அவ்வளவு நன்றாக இருந்ததா என்று மாமனாருக்கே ஆச்சரியம்.

விஷயம் அவருக்குத் தெரியவந்தது மறுநாள் விருந்தில். கன்னியம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து, கையசைவோடு சொன்னாராம். மாமனார் கோபப்படவில்லை, அந்த வாக்கியத்தையும் மாற்றவில்லை. இன்றைக்கும் அவர் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், சாப்பிட உட்காரும்போது என்னைக் காட்டி, "இவருதான் எங்க மாப்ள. எதையும் மறைக்க மாட்டாரு" என்பார். வீடே உதட்டைக் கடித்துக்கொள்ளும்.

"உண்மைதாங்க" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த இட்லியை எடுத்துக்கொள்வேன்.